காவி பூசின தொட்டிய தட்டிப் பாத்து வாங்குங்க: ஒரு பழைய தொட்டிக் கடை, மூணரை ஸ்டார்

மதுரைல ஒரு நர்சரி, பேரு வேணாம், ஏன்னா அந்த அண்ணன் நல்ல மனுசன், ஆனா நான் கொஞ்சம் குறையும் சொல்லப்போறேன். முன்னாடி புதுச் செடி விப்பாங்க, பின்னாடி தகரக் கொட்டகைல பழைய தொட்டியா குமிஞ்சு கிடக்கும். வீடு காலி பண்ணும்போது குடுத்துட்டுப் போனது, செடி காஞ்சு வெறுத்துப்போயி தூக்கிப் போட்டது, வாய் உடைஞ்சது, கீறல் விட்டது எல்லாம் அங்கதான் வந்து சேரும். பத்து இன்ச் மண் தொட்டி 40 ரூபா, விளிம்பு உடைஞ்சதுன்னா 15, சும்மா தூக்கிட்டுப் போங்கக்கான்னு சொல்ற ஓட்டைங்களும் உண்டு. மாசில போயி ஒரே மூச்சுல 14 தொட்டி வாங்கி ஆட்டோல ஏத்திட்டு வந்தேன், வீட்டுக்காரரு பாத்துட்டு பேசவே இல்ல.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். பழைய மண் தொட்டிங்க நெசமாவே தரமா இருந்துச்சு, அடி கனம், சுட்ட பதம் சரியா இருக்கு. நமக்குத்தான் பக்கத்துல மானாமதுரை இருக்கே, 2023ல புவிசார் குறியீடு வாங்கின மண்பாண்டம், கச்சேரில வாசிக்கிற கடம் கூட அங்க செய்யுறாங்க. அந்த ஊருப் பக்கத்துச் சரக்கு நாலஞ்சு இருக்கும்னு அண்ணன் சொன்னாரு, இருக்கலாம், எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது.

இப்ப வம்புக்கு வருவோம். பாதித் தொட்டிக்கு காவி பூசி வச்சிருந்தாரு, பாக்க புதுசாட்டம் பளபளன்னு இருந்துச்சு, நானும் அழகா இருக்கேன்னு அதையே பொறுக்கி எடுத்தேன். சித்திரைல ஒரு கோடை மழை அடிச்சுச்சு பாருங்க, காவி கரைஞ்சு மாடியெல்லாம் சிவப்பா ஓட, மூணு தொட்டில விளிம்புலேர்ந்து அடி வரைக்கும் கீறல் தெரியுது. போன் பண்ணா "அக்கா, பழசுன்னு சொல்லித்தானே குடுத்தேன்"ங்குறாரு. நியாயந்தான், ஆனா கீறல மறைக்கத்தானே பூசினீங்கண்ணேன்னு கேட்டேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் ரெண்ட மாத்திக் குடுத்தாரு. அதனால வாங்கும்போது தொட்டிய தூக்கிப் பிடிச்சு விரல் முட்டியால தட்டுங்க, நல்லதுன்னா கடம் மாதிரி டங்குன்னு கேக்கும், கீறல் இருந்தா டொப்புன்னு செத்த சத்தம். வெயில்ல காஞ்ச தொட்டியத்தான் தட்டணும், ஈரமா இருந்தா நல்ல தொட்டியும் மந்தமாத்தான் கேக்கும்.

இன்னொரு ஏமாத்தம், இதுல என் பேராசைக்கும் பங்கு உண்டு. "மண்ணோட எடுத்துக்கங்க, மண்ணு ஃப்ரீ"ன்னாரு. ஃப்ரீன்னா விடுவோமா. அதுல அப்படியே தக்காளி நாத்த வச்சேன், செடி முழங்கால் உசரத்துக்கு மேல வரவே இல்ல, மத்தியானம் ஆனா துவண்டு போகுது, தண்ணி ஊத்தினாலும் அப்படித்தான். கடைசில புடுங்கிப் பாத்தா வேரு பூரா முண்டு முண்டா இருக்கு, வேர்முடிச்சு நூற்புழு, மண்ணுல இருந்து வேருக்குள்ள போற கண்ணுக்குத் தெரியாத புழு. பழைய மண்ணுல அது உக்காந்திருந்திருக்கு. புழு சாகட்டும்னு அந்த மண்ண லேசா நனைச்சு கண்ணாடி மாதிரி இருக்குற பாலிதீன் பைல கட்டி கோடை வெயில்ல ஆறு வாரம் மொட்டமாடில போட்டு வச்சேன், இப்ப அதுல தக்காளி, கத்திரி, வெண்டைன்னு எதுவும் வைக்கல, செண்டுமல்லி மட்டும்தான். தொட்டிய நல்லா தேச்சுக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து பத்து நிமிசம் ஊறவச்சு, திரும்ப நல்ல தண்ணில அலசிக் காயவச்சேன். வெளிப்பக்கம் வெள்ளையா பூத்திருக்குறது பூஞ்சைன்னு பயந்துறாதீங்க, அது பெரும்பாலும் உப்புதான், நம்ம போர் தண்ணிக்கு வராம இருக்குமா. வினிகர் தொட்டு நார் பிரஷ்ல தேச்சா முக்கால்வாசி போயிரும். ஆனா வினிகரையும் ப்ளீச்சையும் ஒண்ணா சேத்துறாதீங்க, அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது.

சரி அந்தக் கீறல் தொட்டிங்கள என்ன பண்ணேன்னு கேட்டா, அதுதான் இப்ப மாடிலயே அழகான மூலை. மாத்திக் கிடைக்காத அந்த ஒண்ண கீறல் வழியாவே மெதுவா தட்டிப் பிளந்து, உடைஞ்ச சில்ல உள்ளயே படி மாதிரி சொருகி, ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் மண்ணு போட்டு பத்துமணிப்பூ தண்டு ஒடிச்சு நட்டேன். அதுக்கு நெறைய மண்ணும் வேணாம் நெறைய தண்ணியும் வேணாம், நல்ல வெயில் இருந்தா போதும், காலைல பத்து மணிக்கு ரோஸும் மஞ்சளுமா விரிஞ்சு கிடக்கும். பக்கத்து வீட்டு அக்கா "எங்க வாங்கின இந்த மாடல"ன்னு கேட்டாங்க, சிரிச்சுட்டேன். விளிம்பு உடைஞ்ச 15 ரூபா தொட்டில கற்பூரவல்லி, அகலமானதுல கீரை, அதுக்கு அரை அடி ஆழம் இருந்தா போதும். கத்திரி, மிளகாய்க்கு ஒரு அடியாவது வேணும், அதுக்கு அவருகிட்டயே பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளி வாங்கி கம்பி காய்ச்சி ஓட்டை போட்டேன்.

ஒண்ணு மட்டும் சரியா வரல. ஒரு சின்னத் தொட்டியோட அடி ஓட்டைய சிமென்ட் வச்சு அடைச்சு, பெரிய தொட்டி நடுவுல புதைச்சு தண்ணி ஊத்தி வச்சா மெல்ல கசிஞ்சு வேருக்குப் போகும்ல, அத காவி பூசின தொட்டில பண்ணேன். நாலு நாளாச்சு, ஊத்தின தண்ணி அப்படியே நிக்குது. உள்ள எட்டிப் பாத்தா ஏற்கனவே எவரோ பெயின்ட் அடிச்சிருக்காங்க, அதுக்கு மேலதான் காவி. பெயின்ட் படாத தொட்டில பண்ணேன், ரெண்டு நாள்ல பாதி இறங்கிருச்சு. வாயத் தட்டு போட்டு மூடிருங்க, இல்லன்னா ஒரு வாரத்துல கொசுப் பண்ணைதான்.

மார்க் சொல்லணும்னா விலைக்கு அஞ்சு, காவிக்கு ஒண்ணு, மாத்திக் குடுத்த மனசுக்கு நாலு, எல்லாம் சேத்து மூணரை போட்டுக்கங்க. டெலிவரி கிடையாது, கட்டுறதுக்கு சாக்கும் தரமாட்டாரு, வீட்லேர்ந்து பழைய துணி கொண்டு போங்க. அடுத்த வாரம் திரும்பப் போறேன், மூலைல ஒரு பெரிய சிமென்ட் தொட்டி கிடக்குது, 200 சொன்னாரு, காவி பூசறதுக்கு முன்னாடி தூக்கிட்டு வந்துரணும்.