விளையாடவா, மாட்டவா? தஞ்சாவூரில் பூப்பந்து பேட்டுக்கு நரம்பு கட்டும் ஒரு கடை

கடை என்று எழுதினால் அந்தப் பெரியவரே சிரிப்பார். தெற்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஓட்டு வீட்டுத் திண்ணை, அவ்வளவுதான். பெயர்ப் பலகை கிடையாது. தூணில் நரம்பு இல்லாத மூன்று பேட்டுகள் தொங்கும், அதுதான் அடையாளம். எதிரே மாவு மில் இருப்பதால் உட்கார்ந்து எழுந்தால் புடவையில் கொஞ்சம் வெள்ளை ஒட்டும். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, அப்புறம் சாயங்காலம் ஐந்துக்கு மேல் பெரியவர் இருப்பார். செவ்வாய்க்கிழமை லீவு என்றார்கள். நான் போன ஒரு வியாழக்கிழமையும் அவர் இல்லை.

நான் கொண்டுபோனது அப்பாவின் பேட். அப்பா போன ஐப்பசியில் காலமானார். கூட்டுறவு சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்தவர். ஆனால் ஊரில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. "பேக் ஆடுவாரே, அவர்" என்பார்கள். பூப்பந்து, அதாவது கம்பளிப் பந்தால் ஆடுகிற பால் பேட்மிண்டன், ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர்: முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு. அப்பாவுக்குப் பின்னால் இடது மூலை. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் உள்ள கோர்ட்டில் அந்த மூலைக்கு வருகிற பந்து அத்தனையும் அவருடையது. அடுத்தவர் பந்தை எடுக்கப் போகமாட்டார், தன் பந்தை விடவும் மாட்டார். பாயிண்ட் போனால் கத்துகிற ஆள் இல்லை. வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்வார். கத்தரிக்காய் சொத்தையாக வாங்கிவந்துவிட்டாலும் அதே கோணல்தான்.

பேட்டைச் சரிசெய்து, முதலாண்டு திதியன்று படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்பது தம்பியின் யோசனை. பரணிலிருந்து எடுத்தபோது மரப் பிரஸ்ஸின் நான்கு திருகும் துருப்பிடித்திருந்தன. மர பேட்டைப் பிரஸ்ஸில் வைத்து முடுக்காவிட்டால் ஈரத்துக்கு வளைந்துவிடும். அப்பா அந்தப் பிரஸ்ஸை இன்னொரு வேலைக்கும் வைத்திருந்தார். ஜூன் மாதம் எங்கள் பாடப் புத்தகங்கள் வந்ததும் பிரவுன் தாளில் அட்டை போட்டு, பசை காய்கிற வரை இரண்டிரண்டாக அதில் வைத்து முடுக்குவார். அந்த ஒரு வாரம் பேட் எங்கள் படுக்கைக்கு அடியில் தட்டையாகக் கிடக்கும். பிரஸ் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது, பேட் இன்றைக்கும் நேராக இருக்கிறது. நரம்பு மட்டும் பாதி அறுந்து, மீதி தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் திருச்சியில் கண்ணாடி போட்ட ஒரு பெரிய விளையாட்டுக் கடைக்குத்தான் போனேன். ஏ.சி., வழவழப்பான தரை, நரம்பு கட்ட மெஷின் எல்லாம் உண்டு. கவுண்டரில் இருந்த பையன் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய டென்னிஸ் ராக்கெட்டா மேடம்?" என்றான். டென்னிஸ் இல்லை, பால் பேட்மிண்டன் என்றேன். "அது இப்ப யாரும் ஆடறதில்லையே" என்றான். மெஷினில் மாட்டினால் மரம் விரிந்துவிடும் என்று அவன் சொன்னது மட்டும் சரி. கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தரலாம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகும் என்றான். வந்துவிட்டேன்.

யாரும் ஆடுவதில்லை என்று அவன் சொன்னதை அப்பா கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பார். 1856லேயே தஞ்சாவூரில் அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்லப்படுகிற ஆட்டம் இது. 1954இல் அகில இந்திய சம்மேளனம் வந்தது. 1970இல் பிச்சையா இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கினார். 1984இல் ராஜாராமன் வாங்கியதுதான் கடைசி. "அதுக்கப்புறம் டெல்லிக்காரனுக்கு நம்ம பந்து கண்ணுக்குத் தெரியல" என்பது அப்பாவின் நிரந்தரப் புலம்பல். மஞ்சள் கம்பளிப் பந்து எப்படித் தெரியாமல் போகும் என்று அம்மா கேட்பாள்.

சரி, திண்ணைக்கு வருகிறேன்.

பெரியவருக்கு எழுபத்தைந்தாவது இருக்கும். பேட்டை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "விளையாடவாம்மா, மாட்டவா?" என்பது. மாட்ட என்றால் மலிவு நரம்பை லேசாகக் கட்டிக் கொடுத்துவிடுவாராம், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, நூற்றைம்பது ரூபாய். விளையாட என்றால் நல்ல நைலான், ஓட்டை ஓட்டையாகப் பார்த்துக் கட்ட வேண்டும், முந்நூற்றைம்பது. நான் யோசிக்காமல் "விளையாட" என்றேன். யார் விளையாடப் போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

அப்பாவின் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. ஊரைச் சொன்னேன். தலையை ஆட்டினார், தெரியாதவர்கள் ஆட்டுகிற ஆட்டல். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தஞ்சாவூர் ஜில்லாவில் பேட் பிடித்த எல்லோருக்கும் அப்பாவைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். வீட்டில் அதற்கு அத்தாட்சி பாத்திரங்கள். எவர்சில்வர் குடம், தூக்குவாளி, பொங்கல் பானை என்று எங்கள் சமையலறையில் பாதி அவர் டோர்னமெண்டில் ஜெயித்தது. குடத்தின் கழுத்தில் 'இரண்டாம் பரிசு 1987' என்று வெட்டியிருக்கும். தண்ணீர் தூக்கும்போதெல்லாம் அந்த 'இரண்டாம்' மேல் அம்மா கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொள்வாள் என்று அப்பா கிண்டல் செய்வார்.

ஆனால் பெரியவர் ஆளைத் தெரியாமலே பேட்டைப் படித்தார். விளிம்பின் மேல்பக்கத்தில் மரம் தேய்ந்து நார் தெரிந்த இடத்தைத் தடவி, "பேக் ஆளு. தரையோட வர்ற பந்தை விடமாட்டாரு போல" என்றார். அப்புறம் கைப்பிடியில் இருந்த பழைய தோலை உரித்தார். அதற்கடியில் துணி. துணிக்கடியில் சைக்கிள் டியூப், விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிச் சுற்றியது, மூன்று சுற்று. அதையும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தவர் நிமிர்ந்து, "உங்கப்பாவுக்குக் கை ரொம்பச் சின்னதா?" என்று கேட்டார். உள்ளே இருந்த மரம் இழைத்து இழைத்து ஒல்லியாக்கப்பட்டிருந்தது.

அப்பாவின் கை சின்னது இல்லை. என்னுடையதுதான் சின்னது.

1996ஆக இருக்கும், நான் ஒன்பதாவது. பள்ளியில் பூப்பந்து டீமில் பெயர் கொடுத்துவிட்டேன். புது பேட் வாங்கப் பணம் இல்லை. அப்பா தன் பேட்டைத் தச்சரிடம் கொண்டுபோய்க் கைப்பிடியை என் கைக்கு இழைத்து வாங்கிக்கொண்டு வந்தார். நான் இரண்டு மாதம் போனேன். வெயிலில் கறுத்துப்போகிறேன், இப்படியே போனால் எவன் கட்டுவான் என்று அத்தை சொன்னாள். நின்றுவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வாய் மட்டும் கோணிற்று. அதற்குப் பிறகும் ஏழெட்டு வருஷம் அவர் அதே பேட்டில்தான் ஆடினார். இழைத்த மரத்தை எதைச் சுற்றி மறுபடி தடிமன் ஆக்கினார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சைக்கிள் டியூப் இருக்கிறதே, எதற்கும் உதவும்.

டியூபை எடுத்துவிட்டுப் புது மரத் தக்கை ஒட்டட்டுமா என்று பெரியவர் கேட்டார். இருக்கட்டும், அதன் மேலேயே தோல் சுற்றிக் கொடுங்கள் என்றேன். தோலுக்கு நூற்றிருபது.

கட்டுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாலையில் போங்கள். மெஷின் இல்லை. ஒரு குத்தூசி, ஒரு மரக்கட்டை, உள்ளங்கையில் சுற்றிய துணி. முதலில் நெட்டு நரம்பு எல்லாம் போட்டுவிட்டு, அப்புறம் குறுக்கு நரம்பை ஒன்றுக்கு மேல் ஒன்றுக்குக் கீழ் என்று பாய் முடைகிற மாதிரி இழுக்கிறார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஓட்டையில் குத்தூசியைச் செருகி நழுவாமல் பிடித்துக்கொண்டு, விரலால் சுண்டிப் பார்க்கிறார். மர விளிம்பு தாங்குகிற அளவுக்குத்தான் இழுக்க வேண்டும், ஒரு இழுப்பு கூடினாலும் ஓட்டைக்கு ஓட்டை விரிசல் ஓடிவிடும் என்றார். முன்பெல்லாம் ஆட்டுக் குடல் நரம்பாம். மழைக்காலத்தில் ராத்திரி தானாக 'டப்'பென்று அறுகிற சத்தம் கேட்குமாம். எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறது.

அந்தச் சுண்டலைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வலித்தது. அம்மா அங்கன்வாடி வேலைக்குக் காலையில் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள், எனக்குத் தலை பின்னிவிடுவது அப்பா. நரம்பு கட்டுகிற இறுக்கத்தில் பின்னுவார். கண் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு சீனாக்காரி மாதிரி பள்ளிக்கூடம் போவேன். இதற்காகத்தான் மன்னார்குடியில் ஃபைனல் என்றாலும் கும்பகோணத்தில் ஃபைனல் என்றாலும் ராத்திரி தங்கமாட்டார். 29 பாயிண்ட் மூன்று கேம் முடிந்து, பரிசு கொடுக்கிறவர் பேசிக்கொண்டே இருப்பார், அப்பா கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். குடமும் வாளியும் மறுநாள் டீம்காரர் யாராவது சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பார்கள். இப்போது ஆட்டம் 35 பாயிண்டாம், பெரியவர்தான் சொன்னார். அப்பா காலத்தில் 35 இருந்திருந்தால் பல பஸ்களை விட்டிருப்பார்.

குறைகள் உண்டு. நாலு நாளில் தருகிறேன் என்றார், பதினோரு நாள் ஆயிற்று. ரசீது கிடையாது, போனை எடுப்பதில்லை. வெள்ளை நரம்பு கேட்டேன், நீலம் கட்டியிருந்தார். வெள்ளை தீர்ந்துவிட்டது என்று கட்டி முடித்தபிறகு சொன்னார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பழைய நரம்பைத் தூக்கிப் போட்டதுதான் எனக்கு ஆறவில்லை. அதில் ஒரு இழை அறுந்தபோது அப்பா தூண்டில் நைலானால் முடிச்சுப் போட்டு ஒட்டவைத்திருந்தார். அந்த ஒரு துண்டை எடுத்துவைக்க நினைத்திருந்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்டபோது சந்து முனைக் குப்பைத் தொட்டியைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். லாரி வந்து போயிருந்தது. கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள்.

பந்தும் அவரிடமே வாங்கலாம். நான் அவசரப்பட்டு முன்பே ஆன்லைனில் ஆறு பந்து வரவழைத்திருந்தேன். விதிப்படி பந்து 27இலிருந்து 30 கிராம் இருக்க வேண்டும். சமையல் தராசில் வைத்தால் வந்தவற்றில் ஒன்றுகூட 24ஐத் தாண்டவில்லை. அடித்தால் காற்று எங்கே சொல்கிறதோ அங்கே போகிறது. பெரியவர் கொடுத்த பந்து 28 கிராம். கம்பளி நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது, நாலு நாள் ஆடியும் பிசிறவில்லை. பனி இறங்கியபின் ஆடாதீர்கள், கம்பளி ஈரம் குடித்துக் கனத்துவிடும்.

திதியன்று பேட்டைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். சாப்பாடு முடிந்து, அப்பாவின் பழைய டீம்காரர்கள் இரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டே அதை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் எழுந்துபோய் ஆணியிலிருந்து எடுத்துவிட்டார். எடுக்கலாமா என்று யாரையும் கேட்கவில்லை. கொல்லையில் கொடிக்கயிற்றை வலையாக வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஆளுக்குப் பத்துப் பந்து அடித்திருப்பார்கள். நரம்பு நன்றாகப் பேசுகிறது என்றார்கள். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளும் வாங்கி நாலு அடி அடித்தாள். பந்து இரண்டு முறை கயிற்றைத் தாண்டியது. மூன்றாவதில் பேட்டே கையிலிருந்து நழுவி வாழைக்கன்றில் போய் விழுந்தது. பிடி ரொம்பத் தடியாக இருக்கிறதாம்.

நேற்று மறுபடி திண்ணைக்குப் போய், தோலையும் துணியையும் சைக்கிள் டியூபையும் எடுத்துவிட்டு, மரத்தின் மேலேயே மெல்லிய தோலாகச் சுற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். டியூபைத் தூக்கிப் போடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன், ஒரு தாளில் எழுதியும் பேட்டில் கட்டிவிட்டேன். புதன்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாரம் சனிக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.