பவர் பிஐக்கு கஸ்டம் சார்ட் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

எங்கள் கம்பெனி சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துக் கடைகளுக்கு மளிகைச் சாமான் சப்ளை செய்கிறது, விற்பனை ரிப்போர்ட் எல்லாம் மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் சாஃப்ட்வேரான பவர் பிஐயில்தான். அதிலேயே இருக்கிற சார்ட் எதுவும் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு இன்வாய்ஸும் ஒரு புள்ளியாகத் தேதிவாரியாக வரணும், கீழே மொத்தத் தொகை இருக்கணும் என்றார். தெரிந்தவர் மூலம் ஒரு டெவலப்பர் வந்தார், நம்மாள்தான், 4,000 வெள்ளி பேசினார். டெமோ பிரமாதம். பணத்தையும் முழுசாகக் கொடுத்தாச்சு.

தீபாவளி மாதத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. பண்டிகைக்கு முந்தின வாரம், லாரி ஓயாமல் ஓடின வாரம், சார்ட்டில் ஒரு புள்ளி கூட இல்லை! கணக்கு பார்க்கிற அக்கா பக்கத்திலேயே சாதா டேபிள் ஒன்றைப் போட்டுப் பார்த்தார், அதில் மொத்தம் எங்கேயோ இருக்கிறது, டெவலப்பர் செய்த சார்ட்டில் எங்கேயோ இருக்கிறது. ஒரு வாரத்துக்கு மட்டும் ஃபில்டர் போட்டால் இரண்டும் சரியாகப் பொருந்துகிறது, முழு மாதம் போட்டால் உதைக்கிறது. புள்ளிகளை எண்ணினால் சரியாக 1,000.

டெவலப்பரைக் கேட்டதற்கு, "அண்ணே, அது பவர் பிஐ லிமிட், மைக்ரோசாஃப்டைத்தான் கேட்கணும்" என்றார். சுத்தப் பொய். விஷுவலை, அதாவது இந்த மாதிரி சார்ட்டை, எழுதுகிறவர் டேட்டாவில் எத்தனை வரி (row) வேண்டும் என்று சொல்லாமல் விட்டால்தான் பவர் பிஐ 1,000 வரியோடு நிறுத்திக்கொள்ளும். செட்டிங் ஃபைலில் ஒரு எண்ணை மாற்றினால் 30,000 வரை வாங்கலாம், அதற்கு மேலும் தவணையாக வாங்க வழி இருக்கிறது. இதை எடுத்துச் சொன்னதும் பேச்சு மாறியது, "அது வெர்ஷன் 2 அண்ணே, தனி கொட்டேஷன்" என்றார். செய்த வேலையில் ஓட்டை, அதை அடைக்கத் தனிக் காசாம்.

சரி, வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்றால் கையில் இருப்பது பவர் பிஐயில் ஏற்றுகிற பிபிஐவிஸ் (.pbiviz) ஃபைல் மட்டும்தான். உள்ளே இருப்பது சுருக்கி அடைத்த ஜாவாஸ்கிரிப்ட், அதைப் பிரித்து மேய்வதற்குப் புதிதாகவே எழுதிவிடலாம் என்று வந்தவர் கையை விரித்துவிட்டார். டெவலப்பரிடம் சோர்ஸ் கோட், அதாவது அவர் எழுதிய மூல நிரல், கேட்டால், அது என் சொத்து, கொட்டேஷனில் தருவதாக எங்கே எழுதியிருக்கிறது என்கிறார். அப்புறம் இன்னொன்று, மைக்ரோசாஃப்ட் சான்று பெறாத விஷுவல் பிடிஎஃப் எக்ஸ்போர்ட்டிலும் வராது, பவர் பிஐ தானாக அனுப்புகிற சப்ஸ்கிரிப்ஷன் ஈமெயிலிலும் வராது. திங்கட்கிழமை காலை அந்த ஈமெயிலில்தான் போனில் ரிப்போர்ட் பார்க்கிற முதலாளிக்கு இந்தச் சார்ட் ஒரு நாளும் தெரிந்ததில்லை. வேலை பேசும்போது இதைப் பற்றி டெவலப்பர் வாயே திறக்கவில்லை.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுப்பதாக இருந்தால் டெமோவை நம்பாதீர்கள், உங்களுடைய மாசக் கணக்கையே போட்டுக் காட்டச் சொல்லி பக்கத்தில் டேபிள் வைத்து மொத்தத்தை ஒப்பிடுங்கள். சோர்ஸ் கோட் உட்பட என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். அதற்கும் முன்னால் டெனெப் என்கிற விஷுவலைப் பாருங்கள், இலவசம், சான்றும் இருக்கிறது, சார்ட் எப்படி வரணும் என்று எழுதுகிற ஸ்பெக் ரிப்போர்ட்டுக்குள்ளேயே கிடக்கும். எங்களுக்கு இப்போது வேண்டியதெல்லாம் அதிலேயே முடிந்துவிட்டது.

பயனீட்டாளர் சங்கம் கம்பெனிக்குக் கம்பெனி தகராறைப் பார்க்காது, அங்கே போய் அலையாதீர்கள். சிறு தொகை வழக்குகளைப் பார்க்கிற ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனலில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் கிடையாது, ஆனால் 2 வருஷத்துக்குள் போடணும். நாங்கள் கொட்டேஷன், வாட்ஸ்ஆப் பேச்சு, 1,000 புள்ளியோடு நின்ற ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறோம்.