மூன்று உரப்பையும் ஒரு முறுக்கு உரலும்

முதல் நாள் கொண்டுபோனதில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். வைகாசி மாதம், கச்சான் காற்று அனலாக அடிக்கிறது, ஆட்டோக்காரத் தம்பி வாசலில் காத்து நிற்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளை என்னுடைய தலையணை உறையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது வேணாம் அன்ரி" என்கிறாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. இனாமாகக் கொடுக்க வந்தவளுக்கு இந்த மரியாதையா? அதற்குப் பிறகு நாலு தடவை போய்விட்டேன். அந்தப் பிள்ளை செய்தது சரி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குறையும் இருக்கிறது, அதையும் சொல்லப் போகிறேன், அதனால் கடையின் பெயரைப் போடவில்லை. மட்டக்களப்பில், கோட்டமுனைப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. பாவித்த உடுப்பு, வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் இனாமாகப் பெற்று, சொற்ப விலைக்கு விற்று, அந்தக் காசில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடத்துகிறார்கள்.

என் வீட்டில் இவ்வளவு சாமான் கிளம்பியதற்குக் காரணம் மகளின் கலியாணம். எங்கட ஊர் வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்பிள்ளைக்கு. ஆவணியில் கலியாணம், அதற்குள் நான் பெரிய அறையை விட்டுக் குசினிப் பக்கத்துச் சின்ன அறைக்குப் போகவேண்டும். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவள் நான். வந்த கடித உறையைக்கூடக் கிழிக்காமல் பிரித்து, மறுபக்கம் கணக்கு எழுத மடித்து வைக்கிற ஆள். அப்படிப்பட்டவளின் அலுமாரியைத் திறந்தால் எப்படி இருக்கும்! மூன்று உரப்பை நிறைந்தது. ஒன்றில் என் சேலைகளும் மகளின் பள்ளிக்கூடக் காலத்துச் சட்டைகளும். ஒன்றில் இவருடைய உடுப்பு. மற்றதில் பீங்கான், கேத்தில், இட்டலிச் சட்டி, முறுக்கு உரல் என்று குசினிச் சாமான்.

அந்தப் பிள்ளை உடுப்புப் பார்க்கிற விதத்தைச் சொல்லவேண்டும். சேர்ட் என்றால் முதலில் கொலரைத் திருப்பி உட்பக்கம் பார்ப்பாள். பிறகு கக்கம். பிறகு பெருவிரலால் மேலிருந்து கீழே பட்டன் எண்ணிக்கொண்டு வருவாள். ஒன்று குறைந்தால் பரவாயில்லை, மேசை லாச்சிக்குள் ஒரு போத்தல் நிறையப் பழைய பட்டன் வைத்திருக்கிறாள். களிசான் என்றால் சிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்றுக்கு முதலில் போவது சிப்தான். கறள் பிடித்துப் பாதி வழியில் நின்றுவிடும். கடைசியாக மூக்குக்குக் கிட்ட கொண்டுபோய் மணந்து பார்ப்பாள். என் சேலைகள் தோற்றது அங்கேதான். மேலே பூச்சி உருண்டை மணம், அதற்கு அடியில் மார்கழி மழையில் அலுமாரிக்குள் பிடித்த பூஞ்சண மணம். எனக்கு மூக்குப் பழகிப்போய்விட்டது, தெரியவில்லை. "நல்ல சேல அன்ரி, ரெண்டு நாள் வெளியில கொடியில போட்டுக் கொண்டாங்க" என்றாள். கச்சான் காற்றில் ஒரே நாளில் மணம் போய்விட்டது.

எதை எடுக்கமாட்டார்கள் என்பதைச் சொன்னால் போகிறவர்களுக்கு ஆட்டோக் காசு மிஞ்சும். உள்ளாடை, தலையணை, மெத்தை, கறை படிந்த உறை, பிள்ளைகளின் பால் போத்தல், ஓட்டை விழுந்த நுளம்பு வலை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் எடுக்கமாட்டார்கள். இவருடைய ஹெல்மெட் பார்வைக்குப் புதிது மாதிரி இருந்தது, ஏன் வேண்டாம் என்று கேட்டேன். ஒருக்கா விழுந்து அடிபட்ட ஹெல்மெட் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பிளந்திருக்கும், அதை நம்பி ஒரு பிள்ளை தலையில் போட்டுக்கொண்டு திருமலை வீதியில் போகும் என்றார் பொறுப்பாக இருக்கிற அக்கா. அதற்கு மேல் நான் கதைக்கவில்லை. கரண்ட் சாமான் எடுப்பார்கள், ஆனால் உடனே விற்பனைக்கு வைப்பதில்லை. சனிக்கிழமை ஒரு ஐயா வந்து அயன், ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் செருகிப் பார்த்து, சரி வந்ததில் பச்சை நூல் கட்டிவிடுவார்.

கிழிந்த பருத்தித் துணிக்கு அங்கே மதிப்பு உண்டு, இதை நான் எதிர்பார்க்கவில்லை. பழைய வேட்டி, சாரன், பருத்திச் சேலை எல்லாவற்றையும் வெட்டி, கிலோக் கணக்கில் கராஜ்களுக்குக் கொடுக்கிறார்கள். எண்ணெய் துடைக்கப் பருத்திதான் வேண்டும். பொலியெஸ்டர் பருத்தி மாதிரித் துடைக்காது, பூசிவிடும். ஆக, என் மகளின் பளபளப்பான பார்ட்டிச் சட்டைகளைவிட என் கந்தல் வொயிலுக்குக் கிராக்கி.

சுனாமிக்குப் பிறகு, 2005 தையில் நானும் வரிசையில் நின்று உடுப்பு வாங்கினவள். வீடு இல்லை, பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பன்னிரண்டு குடும்பம். லொறி வந்து நின்று கட்டுக் கட்டாக இறக்குவார்கள். ஆர் அனுப்பினது, எந்தத் தேசத்திலிருந்து வந்தது, ஒன்றும் தெரியாது. எனக்குக் கிடைத்த கட்டுக்குள் மணி தைத்த நீளக் கவுன் ஒன்று, முழங்காலுக்குக் கீழே வரும் கம்பளிக் கோட்டு ஒன்று, சப்பாத்து ஒன்று. ஒரு சோடி இல்லை, இடது கால் மட்டும். மட்டக்களப்பு வெக்கைக்குக் கம்பளிக் கோட்டு! அதைச் சீமெந்து நிலத்தில் விரித்து ஆறு வயது மகளைக் கிடத்தினேன், அதற்கு மட்டும் உதவியது. உடுத்தியிருந்த ஒற்றைச் சட்டையை இரவில் கழுவி, காயும்வரை பக்கத்துக் குடும்பத்து அக்காவின் துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல ஏலாது. தருகிற தம்பி நித்திரை இல்லாமல் நிற்கிறார், பின்னால் நூறு பேர். இனாமாகக் கிடைப்பதில் நொட்டை சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள். வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதையெல்லாம் பட்ட நானே இருபது வருடம் கழித்துக் கறைப்பட்ட தலையணை உறையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். கொடுக்கிற பக்கம் வந்ததும் எனக்கு அது மறந்துபோய்விட்டது.

இந்தக் கடையில் எனக்குப் பிடித்தது விலைச் சீட்டு. பெரிய விலை இல்லை: சாரன் நூறு ரூபா, சேர்ட் நூற்றைம்பது, பீங்கான் ஐம்பது. ஏன் இனாமாகக் கொடுக்கக்கூடாது என்று எங்கட வீதியில் ஒருவர் நியாயம் பேசினார். அவர் ஒரு சனிக்கிழமை போய் நின்று பார்க்கவேண்டும். நான் நின்றபோது வவுணதீவுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்திருந்தா. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மகளின் முதுகில் வைத்துத் தோள் அளவு பார்த்தா. பிறகு கீழ் மடிப்பைப் பிரித்து, இறக்கித் தைக்க எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று விரல் வைத்து அளந்தா. இரண்டு விரல்தான் இருந்தது. "காணாது, அடுத்த வருசத்துக்கு ஏறாது" என்று வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தா. அதில் பொக்கற் ஓரம் மஞ்சள் பட்டிருந்தது, அதையும் வைத்தா. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "எம்பதுக்குத் தாறீங்களா புள்ள?" என்று கேட்டு, எண்பதுக்கே வாங்கிக்கொண்டு போனா. இரண்டைத் தள்ளி வைத்ததில் அவவின் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. காசு கொடுக்கிற ஆளுக்கு அந்த உரிமை இருக்கிறது. சீருடைத் துணியை அரசாங்கம் 1993இலிருந்து இனாமாகத் தருகிறது, உண்மைதான். தைக்கிற கூலியை ஆர் தருகிறார்கள்? அதனால்தான் அங்கே முதலில் முடிவது வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சப்பாத்தும். வீட்டில் இருந்தால் தை மாதத்துக்கு முன்னம், மார்கழியிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். 2022இல் சாமான் விலை ஏறினதிலிருந்து, முன்னே வராத ஆட்களும் வருகிறார்கள் என்று அக்கா சொன்னா, அரசாங்க உத்தியோகத்தர் வீட்டு ஆட்கள் உட்பட.

லண்டனில் இருக்கிற என் தங்கச்சியும் கிழமையில் ஒரு நாள் இப்படியொரு கடையில் சம்பளமில்லாமல் நிற்கிறாள். அங்கே இது பழைய சங்கதி. ஒக்ஸ்பாம் என்கிற உதவி நிறுவனம் என்றால் எங்களுக்கு யுத்த காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் வந்து போன வாகனம்தான் ஞாபகம். அவளுக்கு ஒக்ஸ்பாம் என்றால் பழைய புத்தகமும் கோப்பையும் விற்கிற கடை. 1942இல் ஒக்ஸ்போர்ட் நகரத்தில் தொடங்கி, சில வருடத்திலேயே அங்கே புரோட் வீதியில் கடை போட்டுவிட்டார்களாம். அங்கே வரி கட்டுகிற ஆள் ஒரு தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், அவருடைய சாமான் விற்ற ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் இன்னும் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். இங்கே எனக்கு ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணி தந்தார்கள். சீனி அளவாக இருந்தது.

இவருடைய பையை முதல் இரண்டு தடவையும் கொண்டுபோகவில்லை. செத்த ஆளின் உடுப்பை முந்தியெல்லாம் உடுப்பு வெளுக்கிற கட்டாடியார் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார், வீட்டில் வைத்திருக்கிற வழக்கமே இல்லை. நான்தான் மூன்று வருடம் வைத்திருந்தேன். மூன்றாம் தடவை கொண்டுபோய், அக்காவைத் தனியே கூப்பிட்டு, "இது காலமானவர்ர உடுப்பு, வாங்கிறவங்களுக்குச் சொல்லத்தானே வேணும்?" என்று கேட்டேன். "ஆர்ர உடுப்பெண்டு நாங்க கேக்கிறல்ல, வாங்கிறவங்களும் கேக்கிறல்ல" என்றா. ஒன்பது சேர்ட், நாலு களிசான். அந்தப் பிள்ளை வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கொலரைத் திருப்பிப் பார்த்தாள். நான் வெளியே போய் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரன் இரண்டை மட்டும் நான் பையில் போடவில்லை. யன்னல் துடைக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

இனிக் குறை. பெரிய சாமானை வீட்டுக்கே வந்து எடுப்போம் என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். மகளின் பழைய அலுமாரிக்குச் சொன்னேன், சனிக்கிழமை வருவோம் என்றார்கள். அதை நம்பி இரண்டு பெடியன்களைப் பிடித்து அலுமாரியை வெளிவிறாந்தையில் தூக்கி வைத்தேன். வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. போன் அடித்தால் ஒருவரும் எடுப்பதில்லை. நடுவில் ஒரு பின்னேரம் எதிர்பாராமல் மழை அடித்து ஊற்றியது. மரத்தூள் பலகை அலுமாரி, அடி நனைந்து பாண் மாதிரி ஊதிவிட்டது. பிறகு லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் கொண்டுவந்து, பார்த்துவிட்டு, எடுக்க ஏலாது என்றார்கள். அவர்களின் சட்டப்படி சரிதான். ஆனால் நனையவிட்டது ஆர்? வாகனம் இரவலாக வருவது என்றால் அதைச் சுவரிலேயே எழுதிவிடலாம், நான் உள்ளே வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அதை விறகுக்குக்கூட எடுக்க ஆள் இல்லை, இன்னும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சரிந்து கிடக்கிறது.

இன்னொன்று, அவர்களிடம் எழுத்து வழக்கம் இல்லை. தபால் கந்தோரில் இருந்த எனக்கு இது பொறுக்கமுடியாது. ஆர் என்ன தந்தது, ஆருக்கு என்ன போனது, ஒரு கொப்பி கிடையாது. நான் கொடுத்த முறுக்கு உரலில் மூன்று கண் அச்சு மட்டும்தான் இருந்தது. மற்ற மூன்று அச்சும் தொலைந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஓமப்பொடிக்குரிய பொடிக்கண், ரிப்பன் பகோடாவுக்குரிய பட்டைக்கண், தேன்குழல் பிழிகிற ஒன்று. சின்ன அறையை ஒதுக்கும்போது பரண்மேல் ஒரு மைலோ டின்னுக்குள், இவருடைய பழைய ரேசருக்குப் பக்கத்தில், மூன்றும் கிடந்தன. அடுத்த நாளே கொண்டு ஓடினேன். உரல் விற்றுப்போய்விட்டது. "ஆர் வாங்கினது புள்ள?" என்றால், "களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு அம்மா எண்டு நினைக்கன்" என்கிறாள். பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. அந்த அம்மா தீபாவளிக்கு வெறும் முறுக்கு மட்டும் பிழியப் போகிறா.

அவள் ஒரு கடதாசியில், "முறுக்கு உரல் வாங்கினவங்க மிச்ச அச்சை எடுத்துக்கொண்டு போங்க" என்று எழுதி, டின்னோடு ஒட்டிக் காசு மேசையில் வைத்தாள். கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன், நூற்றிருபது பக்கம், கோடு போட்டது. போன சனிக்கிழமையும் போய்ப் பார்த்தேன். கொப்பியில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். டின் மேசையில்தான் இருக்கிறது. அச்சு மூன்றும் அடியில் கிடக்க, மேலே சில்லறைக் காசு போட்டு வைத்திருக்கிறார்கள்.