வேலூர்ப் பாறைகளில் காகிதமில்லாத் தேடல்: எந்த ஜிபிஎஸ் கருவி உதவியது?

பிறர் ஒளித்து வைத்த 'கேஷ்' எனும் டப்பாக்களை ஜிபிஎஸ் குறிப்பைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேஷிங் விளையாட்டில் ஈடுபாடு உள்ளவர்கள் ஊருக்குப் போகும்போது எந்த ஜிபிஎஸ் கருவியை எடுத்துச் செல்லலாம் என்று கேட்டால், ஃபோனே போதுமே என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். நான் வசிக்கும் டொரோண்டோவில் அது போதும். காட்பாடி வீட்டிலிருந்து வள்ளிமலை, பாலமதி, ஏலகிரி என்று சுற்றி வந்த பிறகு, வட ஆர்க்காட்டுப் பகுதிக்கு அது போதாது என்றே சொல்வேன். வாங்கிய சிம் கார்டு உடனே உயிர் பெறுவதில்லை. மலைச்சரிவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலூர் வெயிலில் கரும்பாறையின் மேல் நின்று பார்க்கும்போது ஃபோன் சூடேறித் தன் திரையைத் தானே மங்கச் செய்துகொள்கிறது.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அடுத்த சில நாள்களுக்குள் ஓரிகன் மாநிலத்தில் முதல் கேஷ் வைக்கப்பட்டது. அதன் பின் பல ஆண்டுகள் வரை கையடக்கக் கருவியில் அட்சரேகை, தீர்க்கரேகை, ஒரு சிறு பெயர் ஆகியவைதான் ஏறும்; விவரணையையும் துப்பையும் முன்பு தேடியவர்களின் பதிவுகளையும் அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். 2008இல் வெளிவந்த கார்மின் நிறுவனத்தின் கொலராடோ, ஓரிகன் வரிசைக் கருவிகள், கேஷ்களின் விவரங்கள் அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்பை முழுமையாகப் படித்து இவை அனைத்தையும் திரையிலேயே காட்டியதால் அந்தக் காகிதக்கட்டுக்கு வேலை இல்லாமல் போனது. ஜியோகேஷிங் இணையதளத்தில் கட்டண உறுப்பினராக இருந்தால், கேஷ் விவரங்களை மொத்தமாகத் தரும் 'பாக்கெட் க்வெரி' ஒன்றிலேயே 1,000 கேஷ்கள் வரை பெறலாம். நம் நாட்டில் கேஷ்கள் கனடாவைப் போல நெருக்கமாக இல்லையாதலால், வேலூரை மையமாக வைத்துப் பெரிய வட்டம் ஒன்றை இட்டு, புறப்படும் முன்பே அனைத்தையும் கருவியில் ஏற்றிவிடுவது நல்லது.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரங்கள் முதலில் சொல்லும் அம்சங்களை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். வேலூருக்கு முதல் தேவை, நேர் வெயிலில் படிக்கக்கூடிய திரை. கார்மின் இட்ரெக்ஸ் வரிசையின் 2.2 அங்குலத் திரை வீட்டுக்குள் பார்க்கும்போது மங்கலாகத் தோன்றும்; ஆனால் வெயிலின் ஒளியையே வாங்கித் திருப்பித் தரும் வகைத் திரை என்பதால், வெயில் ஏறஏற எழுத்துகள் தெளிவாகின்றன. இரண்டாவது தேவை, எங்கும் கிடைக்கும் டபுள்-ஏ செல். இரண்டு செல்களில் 25 மணி நேரம் வரை இயங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லும் இட்ரெக்ஸ் 32எக்ஸ், மலையடிவாரப் பெட்டிக்கடையிலேயே உயிர்ப்பித்துக்கொள்ளக் கூடியது. கார்மினின் ஜிபிஎஸ்மேப் 67 உள்ளடங்கிய பேட்டரியில் 180 மணி நேரம் வரை ஓடும் என்கிறார்கள். நீண்ட மலையேற்றம் செல்வோருக்கு அது பொருந்தும், மாலையில் வீடு திரும்பும் எனக்கு அந்த விலை தேவையில்லை.

மூன்றாவதாக மின்னணுத் திசைகாட்டி. இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் ஆகிய இரண்டும் 2019இல் 100 டாலர் விலை வேறுபாட்டுடன் வெளிவந்தன. அந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும். திசைகாட்டி இல்லாத கருவியால் நாம் நடந்தால்தான் திசை சொல்ல முடியும். கேஷுக்குச் சில மீட்டர் தொலைவில், கால் வைக்க இடமில்லாத பாறை இடுக்கில் அசையாமல் நிற்கும்போது அம்புக்குறி மனம் போன போக்கில் சுழலும். ஆகவே அந்தக் கூடுதல் பணம் வீணல்ல. செல் மாற்றிய ஒவ்வொரு முறையும் திசைகாட்டியை மீண்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. விலை குறைந்த இட்ரெக்ஸ் எஸ்இ கருவியிலும் திசைகாட்டி உண்டு, பேட்டரியும் நெடுநேரம் உழைக்கும். ஆயினும் அதில் வரைபடம் இல்லை, ஊர் தெரியாத கிளைப்பாதைகளில் அது ஒரு குறைதான்.

ஜிபிஎஸ்மேப் 65எஸ் இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞை பெறுவதால் பாறைச்சுவர்களின் அருகே அதன் கணிப்பு நிலையாக இருக்கும். சுவரில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை எப்படிக் கணிப்பைக் குழப்பும் என்பதைக் காண விரும்புவோர், வேலூர்க் கோட்டையின் மதிலை ஒட்டி நின்று பார்க்கலாம். என் 32எக்ஸ் அங்கே நிலைகொள்ளாமல் தாவிக்கொண்டே இருந்தது, அகழிக்கு வெளியே வந்து திறந்த வெளியில் நின்றதும் அடங்கியது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்பதால் அதற்குள் டப்பா எதையும் ஒளித்து வைக்க எண்ணக் கூடாது. டப்பா இல்லாமல், இடத்தின் நிலவியலைப் பார்த்துக் கேள்விகளுக்கு விடை தரும் எர்த்கேஷ் வகைத் தேடல்கள் இத்தகைய இடங்களுக்கு ஏற்றவை. அவற்றின் விவரணையும் கேள்விகளும் நீளமானவை என்பதால் காகிதமில்லாக் கருவியின் பயன் அங்கேதான் முழுமையாக விளங்கும்.

இனி ஊரில் கிடைத்த சேவைகள். வேலூரில் நான் விசாரித்த செல்போன், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் எதிலும் இத்தகைய கருவி இல்லை. நில அளவைக் கருவிகள் விற்கும் கடையில் இருந்தது. கடைக்காரர் பொறுமையாக எடுத்துக் காட்டி, வெளியே தெருவில் கொண்டுபோய்ப் பார்க்கவும் அனுமதித்தார். "இதுல ஏரியா போடலாம் சார், சுத்தி நடந்தா ஏக்கர் கணக்கு வந்துடும். நீங்க சொல்ற டப்பா தேடுறதுக்குன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். இத்தகைய கடையில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளவைப் பணிக்காகக் கருவியின் அமைப்பைப் பழைய இந்திய ஆதாரத்தளத்துக்கு, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணக்கிடும் பழைய அடிப்படைக்கு, மாற்றி வைத்திருக்கக்கூடும். அதை ஜிபிஎஸ் பயன்படுத்தும் அடிப்படையான டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்றாவிட்டால் இப்பகுதியில் இடம் நூறு மீட்டருக்கும் கூடுதலாக விலகிவிடும். நிலைக்குறிப்பு வடிவமும் பாகை, தசம நிமிடம் என்று இருக்க வேண்டும். ஒரு நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வடக்கு தெற்காக ஏறத்தாழ 1.8 மீட்டர்.

இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் உறவினருக்காக இன்னொரு கருவி சொல்லியிருந்தேன். வேறு நாட்டுச் சந்தைக்கான பெட்டியில், இங்கே செல்லுபடியாகாத உத்தரவாத அட்டையுடன் வந்தது; திருப்பி அனுப்பியதற்கான பணம் நான் விமானம் ஏறும் வரை வரவில்லை. சில நூறு ரூபாய் கூடுதலானாலும் ரசீது தரும் உள்ளூர்க் கடையே மேல்.

32எக்ஸில் இன்னமும் மினி-யுஎஸ்பி துளைதான் உள்ளது. அந்தக் கேபிளை இப்போது யாரும் வைத்திருப்பதில்லை என்று பல கடைகளில் கைவிரித்தார்கள். பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய உதிரிபாகக் கடை ஒன்றில், பழைய கேமராவுக்கு வந்தது என்று ஒரு டப்பாவின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருவோர் தங்கள் கேபிளைப் பெட்டியிலேயே போட்டுக்கொள்வது நல்லது. ப்ரவுசிங் சென்டரில் கருவியைச் செருகினால் பென் டிரைவ் போலவே திறக்கும். ஜிபிஎக்ஸ் கோப்பை அதற்குரிய கோப்புறையில் இட்டால் போதும், தனி மென்பொருள் வேண்டியதில்லை.

விமானம் ஏறுமுன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிபிஎஸ்மேப் 66i, 67i போன்று இன்ரீச் வசதி உள்ள கருவிகள் இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பக் கூடியவை. இந்தியாவில் முன் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம். விமான நிலையங்களில் பயணிகள் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். அவசரத்துக்கு உதவும் என்ற நல்லெண்ணத்தில் கொண்டு வந்தேன் என்பது அங்கே எடுபடாது.

காப்புக்காடுகளுக்குள் கேஷைத் தேடி நுழைவதற்கும் அனுமதி வேண்டும். வனத்துறை 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையவழி முன்பதிவில் வழிகாட்டியுடன் செல்லும் பாதைகள் உள்ளன. போக எண்ணும் பாதை அப்போது திறந்திருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே அப்பகுதிக் கேஷ்களைக் கருவியில் ஏற்றலாம். தேடி முடித்தவற்றைக் கருவியிலேயே குறித்துக்கொண்டால், வருகைக் கோப்பாக அது சேமித்து வைக்கும். மலையில் சிக்னலைத் தேடி அலையாமல், இரவு வீட்டில் இணைய இணைப்பு நிலையாகக் கிடைக்கும்போது இணையதளத்தில் மொத்தமாக ஏற்றிவிடலாம்.