மெயிலிலிருந்து எஸ்எம்எஸ்: டர்பன் சங்கங்களின் நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் கோவில் கமிட்டிகள் எஸ்எம்எஸ்ஸை இன்னும் கைவிடவில்லை. வாட்ஸ்அப்புக்குச் செலவு இல்லைதான். ஆனால் டேட்டா தீர்ந்துபோன போனுக்கும், வீட்டுப் பெரியவர்கள் வைத்திருக்கும் பட்டன் போனுக்கும் அது போய்ச் சேராது. சாவுச் செய்தி, பூஜை நேரம் மாறிய செய்தி எல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். செயலாளர் வழக்கமாகத் திறக்கும் மெயில் பெட்டியிலிருந்தே அனுப்பிவிடலாம் என்பதால், புதிதாக ஒரு மென்பொருளைப் பழக வேண்டியதில்லை.

பல்க்எஸ்எம்எஸ் போன்ற ஒரு கட்டணச் சேவையில் கணக்குத் திறந்து, எந்த மெயில் முகவரியிலிருந்து அனுப்பப் போகிறீர்களோ அதை அங்கே பதிய வேண்டும். பிறகு, பெறுபவரின் போன் எண், @ குறி, சேவை தரும் டொமைன் (@ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) ஆகியவற்றைச் சேர்த்து முகவரியாக எழுதி மெயிலை அனுப்பினால் போதும். தலைப்பு வரியைப் பல சேவைகள் கண்டுகொள்வதில்லை. மெயில் உடல்தான் செய்தியாகப் போகும்.

எண்ணை எழுதும் விதத்தில்தான் முதல் சிக்கல். 082 என்று தொடங்கும் பத்து இலக்க எண்ணில் முன்னிருக்கும் 0 போய், தென்னாப்பிரிக்காவின் நாட்டுக் குறியீடான 27 வர வேண்டும். மொத்தம் 11 இலக்கம், இடைவெளி கூடாது. உறுப்பினர் பட்டியல் எக்செல்லில் இருந்தால் அந்தக் கட்டத்தை முதலிலேயே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் முன் 0 தானாகவே மறைந்து ஒன்பது இலக்கம்தான் மிஞ்சும். 2006 முதல் எண்ணை மாற்றாமலே நெட்வொர்க் மாறலாம் என்பதால் 082 என்றால் வோடகாம், 083 என்றால் எம்டிஎன் என்று கணக்குப் போடவும் முடியாது. சேவை தரும் நிறுவனமே அதைப் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் இலவச வழியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே நெட்வொர்க்கே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மெயில் முகவரி கொடுத்திருந்தது. அப்படிக் கொடுத்த நெட்வொர்க்குகளில் ஒன்றான ஏடி அண்ட் டி அந்த வசதியை 2025 ஜூன் 17-ல் நிறுத்திவிட்டது.

இனி எழுத்துக் கணக்கு. காசு கரைவது இங்கேதான். ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து. தமிழ் எழுத்து ஒன்றே ஒன்று வந்தாலும் செய்தி முழுவதும் யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்தும் அடங்கிய, அதிக இடம் பிடிக்கும் முறைக்கு) மாறி 70 ஆகக் குறையும். அதற்கு மேல் நீண்டால் பகுதிகளாகப் பிரியும். அப்போது ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் 153, தமிழில் 67. கட்டணமும் பகுதிவாரியாகத்தான். அதிலும் நாம் கண்ணால் பார்க்கும் எழுத்து வேறு, எந்திரம் எண்ணும் எழுத்து வேறு. புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, எந்திரத்துக்கு ஏழு. ‘வணக்கம். தைப்பூசக் காவடி ஞாயிறு காலை 7 மணிக்கு.’ என்ற வரி 47 இடத்தைத் தின்றுவிடும். மிச்சம் 23. கோவில் பெயரே இன்னும் வரவில்லை!

ஆகவே எங்கள் பரிந்துரை இரண்டு பட்டியல். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழிலேயே சுருக்கமாக அனுப்புங்கள், கூடுதல் செலவு ஆனாலும் பரவாயில்லை. தாய்மொழியில் ஒரு வரி வருவதற்கு இந்த ஊரில் தனி மதிப்பு இருக்கிறது. மற்றவர்களுக்கு முழுக்க ஆங்கில எழுத்தில். இரண்டையும் ஒரே செய்தியில் கலந்தால் ஆங்கிலப் பகுதிக்கும் தமிழ்க் கணக்கே விழும். தமிழ் எழுத்துரு இல்லாத பழைய போனில் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்பதால், அனுப்பும் முன் அந்த வீட்டில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஆங்கிலத்திலும் ஒரு பொறி உண்டு. வேர்டிலிருந்து ஒட்டும்போது நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும், சிறு கோடு நீளக் கோடாகியிருக்கும். அந்த ஒரு குறி போதும், 160 என்பது 70 ஆகிவிடும். நோட்பேடில் ஒட்டி, அந்தக் குறிகளை நேராக்கிவிட்டு அனுப்புவது நல்லது.

மெயிலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் கையொப்பமும் ‘இது ரகசியமானது’ என்ற அறிவிப்பும் இதைவிட மோசம். 60 இடத் தமிழ்ச் செய்தியோடு 300 எழுத்து ஆங்கில அறிவிப்பும் சேர்ந்தால் ஆளுக்கு ஆறு பகுதிக் கட்டணம். கையொப்பத்தை அணைத்து, பிளெய்ன் டெக்ஸ்டில் அனுப்புங்கள். சேவையின் அமைப்பில் அதிகபட்சப் பகுதி எண்ணிக்கை இருந்தால் இரண்டு என்று வைத்துவிடுங்கள்.

பதில் எஸ்எம்எஸ் உங்கள் மெயில் பெட்டிக்கே வரும். வசதிதான், ஆனால் ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதிலை அந்தப் பெட்டியில் போடவே கூடாது. யாராவது ‘சரி’ என்று பதில் அனுப்பினால், தானியங்கிப் பதில் பதிவான முகவரியிலிருந்து கிளம்பி, அதுவும் கட்டண எஸ்எம்எஸ்ஸாக அவருக்கே போகும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சேவை அனுப்பும் டெலிவரி ரிப்போர்ட்டுகளுக்கு ஒரு ஃபில்டர் போட்டுத் தனி ஃபோல்டருக்கு அனுப்பிவிடுங்கள்.

மெயிலில் அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போடுவது எளிது. சேவையில் கூடுதல் கடவுச்சொல் வைக்க இடம் இருந்தால் கட்டாயம் வையுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு 500 பேர்தான் வரம்பு. பட்டியல் அதைவிடப் பெரிதானால் எண்களைச் சேவையின் தளத்திலேயே குழுவாக ஏற்றி, குழுவுக்கு ஒரே மெயில் அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் அனுப்புநர் இடத்தில் சங்கத்தின் பெயர் வராது, முன்பின் தெரியாத ஒரு எண்தான் வரும். அதனால் செய்தியின் முதல் சொல்லே கோவில் பெயராக இருக்கட்டும். இல்லையென்றால் மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

செய்திக்கு ஆயுள் நேரமும் குறிக்கலாம், அதற்குள் போய்ச் சேராவிட்டால் செய்தி கைவிடப்படும். போன் அணைந்திருந்தால் நெட்வொர்க் அதை வைத்திருந்து பிறகு கொடுக்கும். 2022, 2023-ல் ஆறாம் கட்ட லோட்ஷெடிங்கின்போது (முறைவைத்து நாளில் பல மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தியபோது) டவர் பேட்டரிகள் சார்ஜ் ஏறவே நேரமில்லாமல் தீர்ந்தன. அப்படிப்பட்ட நாளில் செய்தி எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. காலையில் அனுப்பிய ‘கிளேர் எஸ்டேட் சுடுகாட்டில் மாலை 3 மணி’ மறுநாள் வந்தால் அந்த வீட்டாருக்கு மனவேதனைதான். இப்படிப்பட்ட செய்திக்கு நாலைந்து மணி நேர ஆயுள் போதும். ரிப்போர்ட்டில் ‘காலாவதி’ என்று வந்தவர்களுக்கு உடனே போன் செய்துவிடுங்கள்.

உறுப்பினர் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். 2021 ஜூலை 1 முதல் முழுதாக நடைமுறையில் இருக்கும் போபியா என்ற தனிநபர்த் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவரின் மதநம்பிக்கை சிறப்புத் தனிநபர்த் தகவல். கோவில் பட்டியலில் பெயர் இருப்பதே அதைக் காட்டிக்கொடுக்கும். சேலைக் கடைக்காரரோ கேட்டரிங்காரரோ எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அந்த எக்செல்லைக் கொடுக்க வேண்டாம். ‘ஸ்டாப்’ என்று பதில் அனுப்பியவரின் எண்ணைச் சேவை தடுத்துவிட்டாலும், உங்கள் பட்டியலிலிருந்தும் அன்றைக்கே நீக்குங்கள். வேறு சேவைக்கு மாறும்போது பழைய தடுப்பு கூடவே வராது.