மயக்கமா கலக்கமா, சட்டி சுட்டதடா: மனம் சோர்ந்தால் எது?

இந்தத் திரைப்பாடல்கள் இரண்டும் 1962இல் வந்தவை. இரண்டுக்கும் வரிகள் கண்ணதாசன், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ‘ஆலயமணி’யில் டி.எம்.எஸ். பாடும் ‘சட்டி சுட்டதடா’ எல்லாம் ஆடி ஓய்ந்த மனதின் பாட்டு. அப்பா போனபின், சொத்துப் பேச்சு அடங்கிய இரவில் அதைத்தான் கேட்டேன்.

‘சுமைதாங்கி’யின் ‘மயக்கமா கலக்கமா’ இன்னும் நடுவழியில் நிற்பவருக்கு. பி.பி. ஸ்ரீனிவாஸ் குரலை உயர்த்துவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். வாய்ப்பின்றிச் சென்னையை விட்டுக் கிளம்பவிருந்த தன்னை இந்தப் பாட்டுதான் தங்கவைத்தது என்று பாடலாசிரியர் வாலியே சொல்லியிருக்கிறார். வேலையில்லாத நாட்களில் எனக்கும் இதுவே துணை. நமக்கும் கீழே உள்ளவரைப் பார்த்து ஆறுதல் கொள்ளச் சொல்வது மட்டும் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. பிறர் துயரம் என் நிம்மதியாகக் கூடாது. ஆனாலும் இருபது வயதுக்காரர் ஒருவர் கேட்டால் இதைத்தான் முதலில் கொடுப்பேன். மற்றது ஐம்பதுக்கு மேல் போதும்.