ஆயிரம் கல்லில் தோற்ற ஓராண்டு: மடக்குக் கத்தியை வீட்டிலேயே தீட்டிய அனுபவம்

மடக்குச் சவரக் கத்தி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதில் முதல் ஓராண்டு நான் சவரம் செய்தேன் என்பதைவிட முகத்தைச் சுரண்டிக்கொண்டேன் என்பதே சரி. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்ட, எட்டில் ஐந்து அங்குல அகலமுள்ள பழைய கத்தி அது. பிரித்ததும் சவரம் செய்யலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். கன்னத்தில் முதல் இழுப்பிலேயே முடி வெட்டுப்படாமல் பிடுங்கப்பட்டது, கண்ணில் நீர் வந்துவிட்டது.

கொண்டுபோய்க் கொடுத்துத் தீட்டி வாங்க எங்கள் பகுதியில் ஆள் இல்லை. சலூன்களில் இப்போது, பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் பிடிதான் புழக்கத்தில் இருக்கிறது. தெருவில் வரும் சாணைக்காரரின் சக்கரம் அரிவாள்மனைக்குச் சரி. உட்குழிவாகக் கடைந்த, நகத்தால் அழுத்தினாலே வளைந்து கொடுக்கும் மெல்லிய அலகு அந்தச் சூட்டையும் வேகத்தையும் தாங்காது. ஆகவே நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்து, எல்லோரையும் போலத் தவறான முனையிலிருந்து தொடங்கினேன். தீட்டுக் கற்களுக்கு எண் கூடக் கூட அவற்றின் மணல் நுண்மையாகும்; சிறிய எண்ணில் தொடங்கி மேலே போக வேண்டும். நானோ முதலில் வாங்கியது நானிவா 12000 கல். பிறகுதான் 4000, 8000 இரண்டும் இருபுறமும் ஒட்டிய நார்ட்டன் கல். கடைசியாக, வேண்டாவெறுப்பாக, ஒரு 1000 கல். மொத்தத்தில் கத்தியின் விலையைப்போல் மூன்று மடங்கு கற்களுக்கே போனது.

சமையலறைக் கத்தியைத் தீட்டிப் பழகியவர்களுக்கு இங்கே ஓர் ஆறுதல் உண்டு: கோணத்தைக் கையால் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை. கத்தியின் தடித்த முதுகும் வெட்டும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்திருந்தால் கோணம் தானாக அமைந்துவிடும். என் கத்தியின் முதுகு 4.5 மில்லிமீட்டர் கனம், அகலம் 15.5 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் வாயின் கோணம் ஏறத்தாழ 17 பாகை வருகிறது. முதுகு தேயாமலிருக்க ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டலாம். ஒட்டினால் கோணம் சற்றுக் கூடும் என்பதால், ஒருமுறை ஒட்டித் தீட்டிய கத்தியை மறுமுறை ஒட்டாமல் தீட்டினால் கல் வாயைத் தொடவே தொடாது.

இவ்வளவும் தெரிந்தபின்னும் என் கத்தி வெட்டவில்லை. 12000 கல்லில் நூற்றுக்கணக்கான இழுப்புகள் இழுத்தேன். வாயை ஒட்டிய சாய்வுப் பட்டை கண்ணாடிபோல் மின்னியது, முடியை மட்டும் விட்டுவிட்டது. விடை ஒரு கறுப்பு மார்க்கரில் கிடைத்தது. வாயோரம் முழுவதும் மை தீட்டி, 1000 கல்லில் நான்கு இழுப்பு இழுத்துப் பார்த்தபோது முனைப் பக்கம் மை சுத்தமாகப் போயிருந்தது. பிடிக்கு அருகில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு, வாயின் விளிம்பை ஒட்டி மயிரிழை அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. அந்த இடத்தில் இரண்டு பக்கச் சாய்வுகளும் இன்னும் சந்திக்கவில்லை. நுண்ணிய கற்கள் இருப்பதை மெருகேற்றுமே தவிர இல்லாத கூரை உண்டாக்காது; ஓராண்டாக நான் கூருக்குச் சற்று மேலிருந்த தோள்பட்டையைத்தான் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் 1000 கல்லிலேயே உட்கார்ந்தேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, கத்தியின் வாயை நேர்மேலாக விளக்கொளியில் பார்ப்பேன். ஒளி பட்டு எங்காவது வெள்ளிப் பொட்டு மின்னினால் அங்கே இன்னும் கூர் இல்லை என்று பொருள். உண்மையான கூருக்கு ஒளியைத் திருப்பித் தர இடமே இருக்காது. கடைசிப் பொட்டும் மறைந்த பிறகு முன்கையில் வைத்து இழுத்தபோது, முனை முதல் அடி வரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முடி விழுந்தது. அதற்குமேல் 4000, 8000, 12000 மூன்றையும் முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கல் சமமாக இருக்கிறதா என்பதை அதுவரை நான் பொருட்படுத்தியதும் இல்லை. பென்சிலால் கட்டம் போட்டு வைரத் தகட்டில் தேய்த்தபோது, ஓரங்களில் கோடுகள் அழிந்து நடுவில் மட்டும் பிடிவாதமாக நின்றன. பள்ளம் விழுந்த கல்லில் நேரான கத்தி எப்படிப் படியும்? இப்போது ஒவ்வொரு முறையும் கட்டம் போடாமல் கல்லைத் தொடுவதில்லை.

கையின் அழுத்தத்தைப் பற்றிச் சொன்னவர் எங்கள் தெருமுனைச் சலூன்காரர். அவருடைய அப்பாவின் அடைப்பத்தில் (சவரப் பையில்) கல்லும், தீட்டிய கத்தியை ஓட்டிக் கூரைச் சீராக்கும் தோல்வாரும் இருந்த காலத்தைப் பார்த்தவர். நான் பாவனையாகத் தீட்டிக் காட்டியதும் சிரித்துவிட்டு, "அழுத்தாதீங்க தம்பி, கத்தி வெயிட்டே போதும்" என்றார். 12000 கல்லில் அவர் சொன்னது அப்படியே பலிக்கிறது. கூர் நெருங்க நெருங்க, கத்திக்கு முன்னால் ஓடும் நீர் வாயின்மீது ஏறி அலகில் வழியத் தொடங்கும். கத்தி கல்லோடு ஒட்டிக்கொள்வதுபோல் இருக்கும். அந்த நிலை வந்த பிறகும் தொடர்ந்து அழுத்தித் தேய்த்தால் வாயில் பிசிறுதான் மிஞ்சும்.

என் தோல்வாரில் ஒரு பிறை வடிவ வெட்டு இன்றும் இருக்கிறது. திரும்பும்போது கத்தியை முதுகின்மேல் புரட்டாமல் வாயின்மேல் புரட்டியதன் சின்னம். வாரைத் தொய்வாகப் பிடித்தாலும் கூர் மழுங்கும். சவரத்துக்கு முன் துணிவாரில் இருபது முறை, தோலில் ஐம்பது முறை ஓட்டுவது என்று வைத்திருக்கிறேன். தொங்கவிட்ட தலைமுடியை வெட்டிப் பார்க்கும் சோதனையை விட்டுவிட்டேன். என் முடிக்கும் என் மனைவியின் முடிக்கும் வெவ்வேறு விடை வருகிறது. அரை மைக்ரான் குரோமியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி தடவிய வார் நன்றாகவே வேலை செய்கிறது என்றாலும், புதிதாகப் பழகுபவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்லில் விட்ட குறையை அது சில வாரங்கள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

சென்னைக் காற்று இன்னொரு பகை. மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, குளியலறை அலமாரியில் இருந்த கத்தியில் பழுப்புப் புள்ளிகள். அவற்றில் ஒன்று சரியாக வாயின்மேல். அதைத் தேய்த்து எடுக்க மறுபடியும் 1000 கல்லிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதன்பின் துடைத்து, துணிவாரில் பத்து முறை ஓட்டி, மினரல் ஆயிலை மெல்லிதாகப் பூசிப் படுக்கையறையில்தான் வைக்கிறேன்.

வாரத்துக்கு மூன்று சவரம் என்ற கணக்கில் கூர் ஏறக்குறைய இரண்டு மாதம் நிற்கிறது. லேசாக இழுக்கத் தொடங்கினால் 12000 கல்லில் இருபது இழுப்பு போதுமானதாக இருக்கிறது. சென்ற ஆண்டு வாங்கிய இரண்டாவது கத்தி மட்டும் இன்னும் வசப்படவில்லை. அதன் அலகு நீளவாக்கில் சற்றே திருகியிருப்பதால், கல்லின் ஓரத்தில் கத்தியைக் குறுக்காக நகர்த்திக்கொண்டே இழுக்க வேண்டியிருக்கிறது. முனை நன்றாக வெட்டுகிறது, அடிப்பகுதி இன்னும் பிடுங்குகிறது. அதைக் கன்னத்துக்கு வைத்துக்கொண்டு, தாடைக்கு வரும்போது பழைய கத்திக்கு மாறிக்கொள்கிறேன்.